ஏரி அரைக்காத மாவு

உத்திரமேரூர் ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கும் மாதத்தில் மதகைத் திறந்தால் கரையின் இரு பக்கமும் இரு வேறு உலகம். உட்புறம் அசையாத நீர்ப்பரப்பு. வெளிப்புறம் மதகின் வாயிலிருந்து சீறிக்கொண்டு வந்து, கல்தொட்டியில் மோதி, நுரைத்து, பிறகு அடங்கிக் கால்வாயில் நடக்கத் தொடங்கும் தண்ணீர். அந்தச் சீற்றம் ஆற்றல்தான். தொட்டியின் கற்களில் முட்டி, சுழன்று, கடைசியில் தண்ணீரை அளக்க முடியாத அளவுக்குச் சற்றே சூடாக்கிவிட்டு அது தீர்ந்துபோகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஏரி இப்படித்தான் பாய்கிறது. இந்த விசையில் ஒரு திருகைக் கல்லை ஏன் யாரும் சுற்றவைக்கவில்லை?

கேள்வி வீம்புக்கானதல்ல. உலகத்தின் பல பகுதிகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓடும் நீரில் தானியத்தை அரைத்தன. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், பற்சக்கரம் பூட்டிய நீராலையை விவரித்து எழுதிவிட்டார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தெற்குப் பிரான்சின் பார்பெகால் என்ற இடத்தில் ஒரு மலைச்சரிவில் இரண்டு வரிசையாகப் பதினாறு நீர்ச்சக்கரங்கள் மாவு அரைத்தன. 1086இல் இங்கிலாந்து அரசன் எடுத்த நிலக் கணக்கில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. இந்தியாவிலும் இமயமலைச் சரிவுகளில் கராட் என்றும் பன்சக்கி என்றும் வழங்கும் நீராலைகள் இன்றும் கோதுமையும் மக்காச்சோளமும் அரைக்கின்றன. அவுரங்காபாத்தில், சூஃபி ஞானி பாபா ஷா முசாஃபிரின் தர்காவில், தொலைவிலிருந்து மண்குழாய் வழியாகக் கொண்டுவந்த நீரில் சுற்றிய பன்சக்கியை இன்றும் பார்க்கலாம்.

உத்திரமேரூரோ நீரைக் கணக்குப் பார்த்து ஆண்ட ஊர். பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக உருவான இந்த ஊரின் பேரேரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். முதலாம் பராந்தகனின் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள், ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதையும், குடவோலை முறையில் முப்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் சொல்கின்றன. அவர்களில் பன்னிருவர் சம்வத்ஸர வாரியத்துக்கு, பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு, அறுவர் ஏரி வாரியத்துக்கு. குடவோலையைப் பற்றிப் பேசும்போது தேர்தல் முறையையே நாம் வியந்துகொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிட வியப்பு, ஓர் ஊர் தன் ஆட்சியில் ஐந்தில் ஒரு பங்கு ஆட்களை ஒரே ஓர் ஏரிக்கென்று ஒதுக்கியதில்தான். தூர் எடுக்க ஓடம் விடவும், கரைக்கு மண் போடவும் பொன்னையும் நிலத்தையும் எழுதிவைத்த செய்திகள் பல்லவ, சோழர் கால ஏரிக் கல்வெட்டுகளில் பல இடங்களில் வருகின்றன. தண்ணீரின் போக்கு தெரியாததால் ஆலை வரவில்லை என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. வேறு காரணம் இருக்க வேண்டும். அதைத் தேடினால் இயற்பியலும் நெல்லும் அடுப்படியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது தெரிகிறது.

முதலில் இமயமலையின் கராட் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் நீராலைகளிலேயே எளியது அதுதான். ஓடையிலிருந்து சிறு வாய்க்கால் ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டி, சரிவின் விளிம்புவரை ஏறக்குறைய மட்டமாகவே கொண்டுவருகிறார்கள். ஓடை கீழே இறங்கிக்கொண்டே போக, வாய்க்கால் மேலேயே நிற்பதால் இரண்டுக்கும் நடுவே சில மீட்டர் இறக்கம் கிடைக்கிறது. அங்கிருந்து குடைந்த மரத்தண்டு வழியாகத் தண்ணீரைச் சாய்வாகக் கீழே பாய்ச்சுகிறார்கள். அடியில், தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் மரச்சக்கரம். சாய்வாகச் செருகிய அதன் இதழ்களில் நீர் மோத, சக்கரம் சுழல்கிறது. சக்கரத்தின் நடுத்தண்டு நேராக மேலேறி, அசையாத அடிக்கல்லின் துளை வழியே புகுந்து, மேற்கல்லைப் பிடித்துக்கொள்கிறது. பற்சக்கரம் கிடையாது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கல்லும் ஒரு சுற்று.

அந்த ஆலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் குச்சி. மேலே தொங்கும் தானியக் கூடையோடு அதைக் கட்டி, மறுமுனை சுற்றும் கல்லின் சொரசொரப்பான முகத்தில் உரசும்படி விட்டிருப்பார்கள். கல் சுற்றச் சுற்றக் குச்சி தடதடவென்று துள்ளும், கூடை அதிரும், தானியம் கல்லின் நடுக்கண்ணுக்குள் சொட்டும். தண்ணீர் கூடினால் கல் வேகமாகச் சுற்றும், குச்சி வேகமாகத் துள்ளும், தானியம் கூடுதலாக விழும். தண்ணீர் குறைந்தால் தானியமும் குறையும். ஆள் நின்று பார்க்க வேண்டியதில்லை. தன் வேகத்தைத் தானே அளந்து தீனியைக் கூட்டிக் குறைக்கும் இந்த ஏற்பாட்டைப் பெயர் தெரியாத கிராமத் தச்சர்கள் கண்டுபிடித்துப் பல நூறு ஆண்டுகளாகக் கையாண்டுவந்திருக்கிறார்கள்.

தானியம் நடுக்கண்ணில் விழுந்து, கல்லில் கொத்திய பள்ளங்கள் வழியே வெளிப்புறம் நகர்ந்து, போகப்போக நெருக்கம் கூடும் இடைவெளியில் நசுங்கி, விளிம்பில் மாவாகக் கொட்டும். பள்ளங்கள் மழுங்கினால் மாவு சூடேறும், நைசும் கெடும். அப்போது கல்லைக் கழற்றி உளியால் கொத்த வேண்டும். அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ என்று நம் தெருக்களில் குரல் கொடுத்து வந்தவர்கள் செய்த வேலையும் இதேதான்.

இனி கணக்கு. விழும் நீரின் ஆற்றலைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒரு நொடிக்கு எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து. லிட்டரில் நீரையும் மீட்டரில் இறக்கத்தையும் பெருக்கி, அதை 9.8ஆல் பெருக்கினால் வாட் கணக்கில் விடை வந்துவிடும். நமக்குத் தெரிந்த பழைய கல் மதகில் வட்டத் துளை 15 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நீர்மட்டம் துளைக்கு மேல் 3 மீட்டர் நிற்கிறது. துளையின் விளிம்பில் நீர்த்தாரை சுருங்குவதையும் கணக்கில் எடுத்தால், நொடிக்கு ஏறக்குறைய 80 லிட்டர் வெளியேறும். 80ஐ 3ஆலும் 9.8ஆலும் பெருக்கினால் சுமார் 2,350 வாட். மரச்சக்கரம் இதில் கால்பங்கைத்தான் பிடிக்கும் என்றாலும் கல்லுக்கு 600 வாட் போய்ச் சேரும். உடலுழைப்பில் ஒருவர் நாள் முழுக்க விடாமல் தரக்கூடியது ஏறக்குறைய 75 வாட். ஆக ஒரு துளை, எட்டுப் பேர் வேலை. இமயமலையின் கராட்டுகள் பலவும் இந்த அளவு ஆற்றலில்தான் ஓடுகின்றன.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீராலை தண்ணீரைக் குடிப்பதில்லை. சக்கரத்தில் மோதிய நீர் ஒரு சொட்டும் குறையாமல் வயலுக்குப் போகும். ஆலை எடுத்துக்கொள்வது இறக்கத்தை மட்டும்தான். அப்படிப் பார்த்தால் மதகில் வீணாகும் சீற்றத்தை ஆலைக்குக் கொடுப்பதில் உழவருக்கு என்ன நட்டம்?

நட்டம் மேட்டில் இருக்கிறது. ஏரியின் கீழுள்ள ஆயக்கட்டு ஒரே மட்டத்தில் கிடப்பதில்லை. கரையை ஒட்டிய மேட்டு வயலுக்கும் நீர் ஏற வேண்டும், கடைமடைக்கும் போய்ச் சேர வேண்டும். நீராலையின் சக்கரம் வெளியேறும் நீருக்கு மேலே நின்றாக வேண்டும். தண்ணீரில் முழுகிய சக்கரம் சுற்றாது. சக்கரத்துக்காக வாய்க்காலை அரை மீட்டர் தாழ்த்தினால் அந்த அரை மீட்டருக்குள் வரும் வயல்களெல்லாம் பாசனத்திலிருந்து விலகிவிடும். மலைச்சரிவில் அரை மீட்டருக்கு மதிப்பே கிடையாது, பத்தடி நடந்தால் திரும்பக் கிடைத்துவிடும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் கூடும் இந்தச் சமவெளியில், சரிவு கண்ணுக்கே புலப்படாத நிலத்தில், அரை மீட்டர் என்பது எத்தனையோ குடும்பங்களின் நிலம். கிடைக்கும் சரிவு முழுவதையும் தண்ணீரைத் தூரம் கொண்டுபோகவே இந்த மண் செலவழித்தது.

அடுத்தது பருவம். துளையில் பாயும் நீரின் ஆற்றல் நீர்மட்டத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரிகிறது. மட்டம் இறங்கினால் ஒரு லிட்டருக்கான இறக்கமும் குறைகிறது, வெளியேறும் லிட்டரும் குறைகிறது. 3 மீட்டர் 1 மீட்டரானால் ஆற்றல் மூன்றில் ஒன்றாகாது, ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். நம் கணக்கில் 2,350 வாட் 450 வாட்டாகும். கால்பங்கு பிடிக்கும் மரச்சக்கரத்தில் அது ஒன்றரை ஆள் வேலை. வடகிழக்குப் பருவமழையில் கார்த்திகையில் நிரம்பும் ஏரி, சம்பா அறுவடையாகும் தை மாசியில் இறங்கிக்கொண்டிருக்கும். களத்தில் நெல் குவிந்து, குத்தவும் அரைக்கவும் வேலை மிகும்போது மதகில் விசை குறைந்திருக்கும். கோடையில் ஏரித்தரையில் மாடு மேயும். வயிறோ பன்னிரண்டு மாதமும் பசிக்கிறது.

ஏரிதான் இப்படி, ஆற்றில் வைத்திருக்கலாமே என்றால், இங்குள்ள ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே தெரிபவை. பாலாற்றிலும் செய்யாற்றிலும் நீர் மணலுக்கடியில் ஓடியதால்தான் ஆற்றுப்படுகையிலேயே ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். வெள்ளம் வரும் நாட்களில் ஏரியின் கலங்கலில் பெரும் விசை பொங்கும். ஆனால் அது சில நாட்கள்தான், அதுவும் எந்தச் சக்கரத்தையும் பிய்த்துக்கொண்டு போகும் வெறியோடு.

மதகு எப்போதும் திறந்திருப்பதும் இல்லை. அதைக் கவனிக்கும் நீர்க்கட்டி முறைவைத்துத் திறப்பார், மூடுவார். கல்தூண்கள் இரண்டை நட்டு, குறுக்கே துளையிட்ட கற்பலகைகளைப் பதித்து, அவற்றின் ஊடே ஒரு கோலை ஏற்றி இறக்கி அடியிலுள்ள துளையை அடைத்தும் திறந்தும் பாசனம் செய்த ஏற்பாட்டைக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பழைய ஏரிகளில் இன்றும் காணலாம். எந்த உயரத்தில் கோலை நிறுத்தினால் எவ்வளவு நீர் போகும் என்பது கை அறிந்த கணக்கு. தேவைக்குமேல் ஒரு நாழிகை திறந்துவைத்தாலும் அது அடுத்த போகத்தின் தண்ணீர். மாவு அரைக்க வேண்டும் என்பதற்காக மதகைத் திறக்கச் சொல்லி ஏரி வாரியத்தின் முன் ஒருவர் போய் நின்றால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அழுத்தமான காரணமாகப் படுகிறது. ஒரு கிலோ நெல் விளைய ஏறக்குறைய 2,500 லிட்டர் நீர் செலவாகிறது என்று வேளாண் அறிவியலில் பொதுவாகச் சொல்வார்கள். அவ்வளவு நீரையும் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, ஒரு துளி ஆற்றலும் வீணாகாமல் பிடித்தால் கிடைப்பது 74 கிலோஜூல். அதே நீரை வயலில் விட்டால், சூரிய ஒளியைப் பயிர் பிடித்துவைக்க அது துணைநிற்கிறது. அந்த ஒரு கிலோ நெல்லிலிருந்து கிடைக்கும் அரிசியில் உணவாற்றல் சுமார் 10,000 கிலோஜூல். நூற்று முப்பது மடங்குக்கு மேல். ஏரி நீரின் உண்மையான விசை அதன் வீழ்ச்சியில் இல்லை, வேரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் ஜூல் கணக்குப் போடவில்லை. ஆனால் எந்தப் பயன்பாடு ஊரை வாழவைக்கும் என்பதை ஆண்டுதோறும் களத்துமேட்டில் அளந்துகொண்டிருந்தார்கள்.

சமவெளி, பருவம், பாசனம் எல்லாம் சரி. நெல்லையே மறந்துவிடக் கூடாது. கோதுமையின் தவிடு மணியோடு ஒட்டியே பிறக்கிறது, அதை ரொட்டியாக்க மணியைப் பொடித்துத்தான் ஆக வேண்டும். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாய்க்கும் மாவு தேவைப்பட்டது. நெல் அப்படியல்ல. உமி, மணிக்கு வெளியே ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும் இரண்டு மூடிகள். அவற்றைக் கழற்றினால் போதும், மணி முழுதாகவே உலைக்குப் போகும். சுற்றும் கருங்கல்லுக்கிடையே நெல்லைப் போட்டால் அரிசி நொய்யாகிவிடும். உரலில் குத்தும்போது உலக்கையின் பூண் ஒவ்வொரு மணியாக உடைப்பதில்லை. குவியலை அது அழுத்த, மணியோடு மணி உரசி உமி கழல்கிறது. பிறகு முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மறுபடி குத்தித் தவிட்டை நீக்க வேண்டும். நெல்லை வேகவைத்துக் காயவைக்கும் புழுங்கல் முறை இதற்குப் பெருந்துணை. வேகும்போது மணிக்குள்ளிருக்கும் மாவுப்பொருள் கூழ்போல் இளகி, வெடிப்புகளை ஒட்டவைத்து, உலர்ந்ததும் இறுகிவிடுகிறது. அதனால் உலக்கைக்கு அது உடையாமல் தாங்கும்.

அன்றன்று குத்தியதற்கும் காரணம் உண்டு. தவிட்டில் எண்ணெயும், அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதியும் இருக்கின்றன. முழு மணியில் இரண்டும் தனித்தனியே இருக்கும். குத்தியவுடன் கலந்துவிடுவதால் சில நாட்களிலேயே சிக்குவாடை அடிக்கும். நெல்லாகவே குதிரில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

ஆனாலும் நெல்லை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. சீனர்கள் நெல்லைத் தண்ணீரில்தான் குத்தினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அவர்களின் நூல்கள் நீரால் இயங்கும் உலக்கையைப் பேசுகின்றன. சக்கரத்தின் நீண்ட அச்சில் ஆங்காங்கே முளைகளைச் செருகியிருப்பார்கள். அச்சு சுழலும்போது முளை உலக்கைக் கட்டையின் வாலை அமுக்கும், தலை உயரும். முளை விலகியதும் உலக்கை உரலில் விழும். ஓர் அச்சில் நாலைந்து உலக்கைகள் மாறிமாறிக் குத்தும். சக்கரம்கூட இல்லாமல் ஜப்பானியரும் கொரியரும் இதைச் செய்தார்கள். நெடுங்கட்டையின் ஒரு முனையில் தொட்டி, மறுமுனையில் உலக்கை. ஓடைநீர் தொட்டியை நிரப்ப அது தாழ்ந்து கொட்டும், காலியானதும் உலக்கை விழும். நெல்லுக்கும் நீராலைக்கும் பகை ஏதுமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த நாடுகளின் நெல் ஊர்களில் பலவும் மலையடிவாரத்தில், வற்றாத ஓடைகளின் ஓரத்தில் இருந்தன. உத்திரமேரூருக்கு அந்த ஓடை வாய்க்கவில்லை.

இங்கேயும் அரைக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் கேழ்வரகுக் கூழும் களியும் ஏழை வீடுகளின் அன்றாடம். கேழ்வரகுக்குக் கல் வேண்டும். ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் ஏந்திரக்கல் இருந்தது. ஊர்ப்பொதுவில் செக்கு இருந்தது, கரும்பு விளைந்த இடத்தில் ஆலை இருந்தது. இரண்டையும் சுற்றியது மாடு. கிணற்றில் கவலை இழுத்ததும் மாடு. ஏற்றத்தில் ஏறி இறங்கியது மனிதக் கால். இமயச் சரிவில் நீர் மனிதருக்கு வேலை செய்தது. இந்தச் சமவெளியில் மனிதரும் மாடும் நீருக்கு வேலை செய்தார்கள்.

மாடு சுற்றாத, ஏற்றக்காரர் மிதிக்காத வேலை எல்லாம் வீட்டுக்குள் பெண்களிடம் வந்து சேர்ந்தது. மேலே சொன்ன 74 கிலோஜூலை மறுபடி எடுத்துக்கொள்வோம். மதகில் நுரையாகித் தீர்ந்த அந்த ஆற்றல், 75 வாட்டில் உழைக்கும் ஒருவரின் பதினாறு நிமிட உழைப்பு. ஒவ்வொரு கிலோ நெல்லுக்கும் அவ்வளவு. தசை, தான் எரிக்கும் உணவாற்றலில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும். எனவே அந்தப் பதினாறு நிமிடத்துக்கு உடல் நான்கு பங்கு எரிக்கிறது. இதை விடியலுக்கு முன்னும் பொழுதடைந்த பின்னும், பிள்ளை வயிற்றிலிருக்கும்போதும், காய்ச்சலின்போதும், ஆண்டின் எல்லா நாளும் பெண்கள் கொடுத்தார்கள். குடவோலையில் தேர்வாகத் தகுதி என்ன, வயது என்ன, வரி கட்டிய நிலம் எவ்வளவு என்று நுணுகி எழுதிய கல்லில் இந்த உழைப்புக்கு வாரியம் இல்லை. குத்தும்போது பாடும் பாட்டுக்கு வள்ளை என்று இலக்கியத்தில் தனி இடம் கிடைத்தது. குத்தியவர்களின் தோள்வலிக்குக் கணக்கில் இடம் கிடைக்கவில்லை. நீராலை வந்த காலத்தில் கிரேக்கக் கவிஞர் ஆன்டிபேட்டர், கல்லில் அரைக்கும் பெண்களே இனி விடிந்தபின்னும் உறங்குங்கள் என்ற கருத்தில் ஒரு கவிதை எழுதினார். அந்த விடுதலைச் செய்தி நம் சமவெளிக்கு வந்துசேர இரண்டாயிரம் ஆண்டு ஆயிற்று.

ஆலை வந்த இடமெல்லாம் விடுதலைதான் என்றும் சொல்லிவிட முடியாது. இடைக்கால இங்கிலாந்தில் ஆலை பண்ணை முதலாளியின் சொத்து. குடிகள் அவர் ஆலையில்தான் அரைக்க வேண்டும், மாவில் ஒரு பங்கைக் கூலியாகத் தர வேண்டும். செயிண்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் ரிச்சர்ட் வாலிங்ஃபோர்ட் வானியலில் வல்லவர், அற்புதமான கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர். 1330களில் ஊராரின் வீடுகளிலிருந்த கைத்திருகைகளைப் பிடுங்கிவந்து மடத்தின் கூடத்துக்குத் தளமாகப் பதித்தவரும் அவர்தான். 1381இல் உழவர் கிளர்ச்சி வெடித்தபோது ஊரார் உள்ளே புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்து, கற்களை உடைத்துத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். நம் வீட்டு உரலையும் ஏந்திரத்தையும் எவரும் அப்படிப் பிடுங்கவில்லை. முதுகொடியும் வேலை, ஆனால் கல் அவர்களுடையது. இரண்டில் எது மேல் என்று தூர நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை.

நீராலையின் அறிவியலை முறையாகச் சோதித்தவர் ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். 1759இல் ராயல் சொசைட்டிக்கு அவர் அளித்த ஆய்வில், சிறு மாதிரிச் சக்கரங்களை வைத்து ஒவ்வொன்றாக அளந்திருந்தார். அடியில் ஓடும் நீர் தள்ளிச் சுற்றும் சக்கரத்தைவிட, மேலிருந்து வாளிகளில் நிரம்பும் நீரின் எடையால் சுற்றும் சக்கரம் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றலைத் தருகிறது என்று காட்டினார். மோதும் நீர் நுரைத்துச் சிதறுவதில் பாதியை இழக்கிறது, எடையாக இறங்கும் நீர் அப்படி இழப்பதில்லை. உத்திரமேரூர் மதகின் தொட்டியில் நடப்பதும் அந்த இழப்புதான். அடுத்த நூற்றாண்டில் பிரான்சில் ஃபூர்னேரோன் உருவாக்கிய டர்பைன், நீரை இதழ்களுக்குள் வளைத்து வழிநடத்தி, மோதலே இல்லாமல் ஆற்றலைக் கறந்துகொள்ளும் வழியைத் திறந்தது.

டர்பைன் வந்த பிறகு தமிழ்நாட்டில் நீர் வேறு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கியது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூற்பாலை தொடங்க இடம் பார்த்ததற்குக் காரணம், மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் விசை. நூலைச் சுழற்றியது ஆறு. இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் பறித்த காப்பியையும் தேயிலையையும் பதப்படுத்திய எந்திரங்கள் பல, நீர்ச்சக்கரங்களிலும் டர்பைன்களிலும் ஓடின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்னூருக்கு அருகே காட்டேரி அருவியின் நீர் மின்சாரமாகி, அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போனது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம். 1937இல் மேட்டூர்.

மின்சாரம் நீராலையின் மிகப் பெரிய தளையை அறுத்தது. ஆலை இனி அருவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. பள்ளம் இருக்கும் இடத்தில் சக்கரம் சுற்றும், பசி இருக்கும் இடத்தில் கல் சுற்றும், நடுவே ஒரு கம்பி. காஞ்சிபுரம் சமவெளியின் ஊர்களுக்கு அரைவை எந்திரம் முதலில் எண்ணெய் எஞ்சினோடும், பிறகு மின்மோட்டாரோடும் வந்தது. நெல்லுக்கு வந்த ஹல்லர் எந்திரம், 1880களில் பிரேசிலில் எவரிஸ்டோ எங்கல்பெர்க் என்பவர் காப்பிக் கொட்டைக்காகவும் நெல்லுக்காகவும் உருவாக்கியதன் வழிவந்தது. வரிப்பள்ளம் கொண்ட இரும்பு உருளை, மணியோடு மணி உரசும்படி நெல்லை நெருக்கித் தள்ளும். உரலில் நடந்த அதே உரசல்தான், கைக்குப் பதில் பெல்ட். நொய் கூடுதலாக விழும், உமியும் தவிடும் கலந்துபோகும் என்று பொறியாளர்கள் அதைக் குறைசொல்வார்கள், குறை உண்மைதான். ஆனால் தலையில் நெல்மூட்டையோடு ரைஸ் மில்லுக்கு நடந்த பெண்ணுக்கு அந்தக் குறையைவிடத் தன் விடியற்காலை பெரிது.

இமயமலையில் கராட்டுகள் இன்னும் சாகவில்லை. டேராடூனில் இயங்கும் ஹெஸ்கோ அமைப்பும் அதை நிறுவிய அனில் ஜோஷியும், மரச்சக்கரத்துக்குப் பதில் உலோகச் சக்கரம் பொருத்தி, அதே ஓடையில் கூடுதலாக அரைக்கவும், சிறிதளவு மின்சாரம் எடுக்கவும் வழிசெய்திருக்கிறார்கள். அந்த மாதிரியை அப்படியே பெயர்த்துவந்து நம் ஏரி மதகில் வைக்க வேண்டும் என்று சில நேரம் ஆர்வத்தோடு பேசப்படுகிறது. மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும் என்பதே என் கருத்து. 600 வாட்டுக்காகப் பழைய மதகை உடைப்பதைவிட, வரத்துக்காலின் அடைப்பை நீக்கி அரை மீட்டர் நீரைக் கூடுதலாகத் தேக்குவது ஊருக்கு எத்தனையோ மடங்கு ஆற்றலைத் தரும். அது நெல்லாக வரும் ஆற்றல்.

பாசனத்தையும் விசையையும் ஒரே நீரில் சேர்த்துப் பெறுவது பெரிய இறக்கம் உள்ள இடத்தில் இயலும், அதற்கு மேட்டூரே சான்று. வயலுக்குப் போகும் காவிரி நீர் அணையின் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. அங்கும் முன்னுரிமை மாறவில்லை. மின்சாரம் தேவைப்படுகிறது என்பதற்காக மதகு திறப்பதில்லை. டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் விடுவார்கள். பாசனத்துக்கான திறப்பு நின்றதும் டர்பைன்களுக்குப் போகும் நீரும் குறைந்து, அணை மின்நிலையத்தின் உற்பத்தியும் விழுந்துவிடும்.